வில்லங்கச் சான்றில் என்ன வில்லங்கம்?

நியூஜெர்சி மாநிலம் எடிசனில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் மடிக்கணினியை மூடாமலேயே இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“அங்கிள், நீங்க பத்திரிகைல சயின்ஸ் எழுதுவீங்கன்னு சொன்னாங்க. இந்த அட்டாச்மென்ட்டைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்.”

கும்பகோணம் பக்கம் அவருடைய அப்பா பேரில் ஒரு மனை. விற்க ஏற்பாடு நடக்கிறது. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திர நகல், ஆடிட்டர் போட்டுக்கொடுத்த எக்செல் கணக்கு மூன்றையும் அண்ணன் ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். கடிதம் வந்துவிட்டது, மூட்டை வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை மட்டும்: பாதுகாப்பு அமைப்பின்படி இந்த இணைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது.

“வில்லங்கம் இல்லைன்னு சொல்ற சான்றுக்கே வில்லங்கம், பாருங்க” என்று சிரித்தார்.

நான் திறந்து கொடுக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் அவர் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. “பிரிச்சே பாக்காம, உள்ள இருக்கிறது தப்பானதுன்னு இதுக்கு எப்படி அங்கிள் தெரியும்?”

விளம்பரங்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். செயற்கை நுண்ணறிவு உங்கள் கடிதத்தை முகர்ந்து பார்க்கிறது, எதிரியின் மனசைப் படிக்கிறது என்பார்கள். இந்த வியாபாரத்தில் அடைமொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் நடக்கும் முதல் சோதனையோ நம் ஊர் அடுக்ககத்து வாட்ச்மேன் செய்வதுதான். பேர் என்ன, கையில் என்ன, எங்கிருந்து வருகிறாய்? கோப்புக்கும் இதே மூன்று கேள்விகள்தான். பெயரின் வால் என்ன, உள்ளே முதல் சில எழுத்துகள் என்ன, எங்கிருந்து வந்தது? இதில் நடுக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு.

குண்டூசியே இல்லாத இணைப்பு

காகிதக் கடிதத்தோடு குண்டூசி குத்திய போட்டோ மாதிரி, மின்னஞ்சலோடும் கோப்பு தனியாகத் தொங்கிக்கொண்டு வருவதாகத்தான் பலருக்கும் நினைப்பு. அப்படி எதுவும் தொங்குவதில்லை. மின்னஞ்சல் என்பது மேலிருந்து கீழ்வரை எழுத்து, வெறும் எழுத்து. உங்கள் பேத்தியின் படமும் அதற்குள் எழுத்தாகத்தான் போகிறது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் ‘மூலக் கடிதத்தைக் காட்டு’ என்று ஒரு வசதி, மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். என் மகள் போன பொங்கலுக்கு அனுப்பிய கோலப் படத்தை அப்படித் திறந்தேன். மேலே தேதி, முகவரி, யார் யார் வழியாக வந்தது என்ற ஜாதகம். அதன் கீழே ‘பேஸ்64’ என்று ஒரு சொல். பிறகு சுவர் மாதிரி எழுத்துகள், வரிக்கு 76 வீதம், பக்கம் பக்கமாக. முதல் நாலு எழுத்து: சாய்கோடு, 9, சின்ன ஜே, மறுபடி சாய்கோடு. உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் இதே நாலில்தான் தொடங்கும்.

இந்தச் சுவர் எப்படி எழும்புகிறது என்று பார்க்க, சமையலறைக்குப் போவோம்.

ஒரு பைட்டை, எட்டு இட்லி வரிசையாக வைத்த இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒன்று சாதா இட்லி, இல்லையென்றால் பொடி இட்லி. சாதா என்றால் 0, பொடி என்றால் 1. எட்டு இட்லியை வைத்து 256 விதமாக இலை போடலாம். படம், பாட்டு, செயலி எல்லாமே இப்படிப்பட்ட இலைகளின் நீண்ட பந்திதான்.

சிக்கல் வழியில் இருந்தது. அன்றைய அஞ்சல் கணினிகள் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சில குறிகளையும் சுமக்கத்தான் பழகியவை. அவற்றுக்கு ஏழு இட்லியே போதும். எட்டு இட்லி இலை வந்தால் சில கணினிகள் ஓர் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பிவிடும். ஆங்கிலக் கடிதத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. படம் சின்னாபின்னமாகிவிடும்.

இதற்குக் கண்ட வழி, இலையை மாற்றிப் போடுவது. மூன்று இலையில் எட்டெட்டாக மொத்தம் 24 இட்லி. வரிசை கலையாமல் அதையே நாலு இலையில் ஆறாறாகப் பரிமாறினாலும் 24. ஓர் இட்லி கூடவில்லை, குறையவில்லை. ஆனால் ஆறு இட்லியில் 64 விதந்தான் உண்டு. எந்தக் கணினியும் கை வைக்காத 64 குறிகள் நம்மிடம் இருக்கின்றன: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. ஒவ்வொரு இலை விதத்துக்கும் ஒரு குறியைப் பெயராக வைத்தால் எட்டு இட்லிப் படம் சாதுவான ஆங்கில எழுத்துக் கூட்டமாகி, எந்த வழியிலும் பத்திரமாகப் போய்ச் சேரும். அந்தப் பக்கம் திரும்பவும் எட்டெட்டாகப் பரிமாறிக்கொண்டால் படம் வந்துவிடும். பேஸ்64 என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

கடைசிப் பந்தியில் மூன்று இலை தேறாமல் ஒரே ஓர் இலை மிஞ்சினால்? எட்டு இட்லியில் ஆறு முதல் இலைக்கு. இரண்டு அடுத்த இலைக்கு, அதில் மீதி நாலு இடத்தையும் சாதா இட்லியால் நிரப்ப வேண்டும். அப்புறமும் இரண்டு இலை காலி. அவற்றில் ஆளுக்கொரு சமக்குறி போட்டு விரித்து வைப்பார்கள். பேஸ்64 எழுத்துக் கூட்டத்தின் கடைசியில் == என்று இரட்டைச் சமக்குறி கண்ணில் பட்டால், சாப்பிட ஆளில்லாத இரண்டு இலை அவை.

சாம்பார் எங்கே என்று மகள் கேட்டாள். 76 இலைக்கு ஒரு தடவை வரியை மடிக்கும் குறி வருகிறதல்லவா, அதுதான் சாம்பார் என்று சொல்லிச் சமாளித்தேன். உவமையை இதற்கு மேல் இழுத்தால் இட்லி ஊசிப்போகும். ஒரு விஷயம் மட்டும் பாக்கி. இட்லி அதே அளவுதான், இலைச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 20 எம்பி கோப்பு தபாலில் ஏறும்போது ஏறக்குறைய 27 எம்பி. எல்லைக்குள் இருக்கும் கோப்பையும் ‘பெரியது’ என்று சில சர்வர்கள் திருப்பி அனுப்புவதன் மர்மம் இந்த இலைக் கணக்கில் இருக்கிறது.

நாலு, கே, ஆறு, எஃப்

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு விருந்து உண்டு. இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்துக்கு மூன்று பைட். மூன்று இலை, அதாவது மிச்சம் விழாமல் நாலு பேஸ்64 எழுத்து. ‘அ’ போட்டால் வருவது: 4, கே, 6, எஃப். ‘ம’ போட்டால்: 4, கே, 6, சின்ன யூ. புள்ளிக்கு: 4, கே, +, என். தமிழின் எந்த எழுத்தானாலும் முதல் இரண்டு இலை ‘4, கே’தான். மூன்றாவது, 6 அல்லது கூட்டல் குறி. வேறுபாடெல்லாம் நாலாவது இலையில்தான். ‘அம்மா’ என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, ஆகவே 20 எழுத்து. அதில் ஐந்து தடவை ‘4, கே’ வந்துபோகும்.

சொல் முடிந்து இடைவெளி வந்தால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும், ஏனென்றால் இடைவெளி ஒற்றை பைட். ஆனால் மூன்று இடைவெளி தாண்டினால் கணக்கு நேராகி, நாலாவது சொல்லில் ‘4, கே’ மறுபடி தலை காட்டும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி தூக்கம் வர நேரமாயிற்று. வீட்டில் யாருக்கும் இதில் பெரிய ஆர்வம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வாட்ச்மேனுக்கு வருவோம். விண்டோஸ் செயலிக் கோப்பு ஒவ்வொன்றும் ‘எம், இசட்’ என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்க வேண்டும். டாஸ் காலத்தில் இந்த அமைப்பை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஜிபிகோவ்ஸ்கியின் தலையெழுத்துகள் அவை. எம் என்றால் 77, இட்லியில் 01001101. இசட் என்றால் 90, அதாவது 01011010. ஆறாறாகப் பரிமாறுங்கள். முதல் இலை 010011, மதிப்பு 19. ஏ-யைச் சைபராக வைத்து எண்ணினால் ‘டி’. அடுத்த இலை 010101, மதிப்பு 21, ‘வி’. ஆக, எந்த விண்டோஸ் செயலியைத் தபாலில் போட்டாலும் முதலில் தெரிவது டிவி. படத்துக்குச் சாய்கோடு, செயலிக்கு டிவி, பிடிஎஃப்புக்கு ‘ஜே, வி, பி, ஈ’, ஜிப்புக்கு ‘யூ, ஈ, சின்ன எஸ், டி’. நம் வாட்ச்மேனான அஞ்சல் வடிகட்டி இதைத் திரும்ப இட்லியாக்கித்தான் சரிபார்க்கும். நாம் இலையைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடலாம்.

செயலியின் பெயரை ‘கோலம்.ஜேபிஜி’ என்று மாற்றி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று ஒரு பழைய யோசனை உலவுகிறது. வால் மாறும், தலை மாறாது. படம் என்று சொல்லிக்கொண்டு டிவியோடு வந்து நின்றால் எந்த வாட்ச்மேனுக்கும் சந்தேகம் வரும்.

ஜிப் கோப்பு மட்டும் அவனுக்குத் தலைவலி. அதன் தலையில் ‘பீ, கே’ இருக்கும், அந்த முறையை வகுத்த ஃபில் கட்ஸின் தலையெழுத்து. இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகளும் வேஷம் போட்ட ஜிப்தான், அவற்றின் தலையிலும் அதே பீ, கே. எனவே மூட்டையைப் பிரித்து உள்ளே இருப்பவற்றின் தலைகளைப் பார்த்தாக வேண்டும். மூட்டைக்குப் பூட்டு போட்டிருந்தால் பிரிக்க முடியாது. பூட்டிய மூட்டைக்குள் இன்னொரு மூட்டை இருப்பதாகப் பட்டியலில் தெரிந்தால் கலிஃபோர்னியா மவுன்டன்வியூவில் இருக்கும் கூகுளின் ஜிமெயில் அதைக் கையில்கூட வாங்குவதில்லை, அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

இதெல்லாம் எழுத்துப் பார்வைதான், நோக்கத்தைப் படிப்பது இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 68 எழுத்து. ஓட்டினால் ஒரு வரிச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும், ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யாது. ஆனாலும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைப் பார்த்ததும் கூச்சல் போடும், கூச்சல் போட வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பதால். மென்பொருள் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே செய்த பொய்த் திருடன் அது.

ஒரே ஒரு பத்தி வரலாறு

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார், முகவரிக்கு நடுவில் ‘அட்’ குறியை வைத்தார். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒரு முறை வேறு கதை வரும்: மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழரான சிவா அய்யாதுரை. அவர் பள்ளி மாணவராக இருந்தபோது, 1978இல், இதே நியூஜெர்சியின் நியூவர்க்கில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ‘இமெயில்’ என்ற பெயரில் மென்பொருள் எழுதியதும், 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றதும் உண்மை. பதிப்புரிமை என்பது எழுதிய நிரலுக்கு, கண்டுபிடிப்புக்குத் தருவது காப்புரிமை. மின்னஞ்சலையே அவர் கண்டுபிடித்தார் என்பதைக் கணினி வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பதினாலு வயதில் அப்படியொரு மென்பொருள் எழுதியதே பெருமைதான், அதற்கு மேல் ஜரிகை வைத்துத் தைக்க வேண்டாம். நம் கதைக்கு வேண்டியவர் நதானியல் போரன்ஸ்டைன். நெட் ஃப்ரீடு என்பவரோடு சேர்ந்து ‘மைம்’ என்னும் இணைப்பு முறையை வகுத்தவர். 1992 மார்ச் 11 அன்று நியூஜெர்சி மோரிஸ்டவுனில் இருந்த பெல்கோர் ஆய்வுக்கூடத்திலிருந்து, தாமும் நண்பர்களும் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் கடிதத்தோடு அனுப்பினார். மைம் முறையில் போன முதல் இணைப்பு அது. படம் அனுப்ப ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்களிடம், ஒரு நாள் எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் எனக்கு வர வேண்டும் என்று சொன்னாராம். எடிசனுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இன்று அந்த ஆசைதான் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கிறது.

தெரிந்தவர் பேரில் வந்த மெலிசா

முதல் இணைப்பு புறப்பட்ட மாநிலத்திலிருந்தே, ஏழு வருஷம் கழித்து, உலகத்தையே இணைப்புக்குப் பயப்பட வைத்தவரும் வந்தார். எடிசனிலிருந்து மோரிஸ்டவுன் வடக்கே, அபர்டீன் தென்கிழக்கே. இரண்டுக்கும் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அபர்டீனில் இருந்த டேவிட் ஸ்மித், 1999 மார்ச் 26 அன்று ஆபாசத் தளங்களின் கடவுச்சொற்கள் என்று ஆசை காட்டி ஒரு வேர்டு கோப்பை இணையத்தில் போட்டார். அதற்குள் ஒரு மேக்ரோ, அதாவது ஆவணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் குட்டி நிரல். பெயர் மெலிசா. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். 50 பேரும் திறந்தால் 2,500. அவர்களும் திறந்தால் 1,25,000. மைக்ரோசாஃப்ட், இன்டெல் போன்ற நிறுவனங்களே அஞ்சல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தன.

ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 1 அன்று, ஸ்மித் பிடிபட்டார். எட்டு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் விளைவித்ததாக ஒப்புக்கொண்டார். 2002இல் 20 மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம். நஷ்டக் கணக்குகளை நான் எப்போதும் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன், யார் எப்படிக் கூட்டினார்கள் என்பது யாருக்கும் வெளிச்சம். மெலிசா சொல்லிக்கொடுத்த பாடம் ரூபாயிலோ டாலரிலோ இல்லை. கடிதம் முன்பின் தெரியாதவரிடமிருந்து வரவில்லை. சக ஊழியர், மாமா, பழைய வகுப்புத் தோழன் பேரில் வந்தது. ‘தெரிந்தவர் அனுப்பினால் திறக்கலாம்’ என்ற அறிவுரை அன்றைக்கே செத்துப்போனது. நம்மில் பலர் இன்னும் அதற்குத் திதி கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம், 2000 மே 4 அன்று, பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ கிளம்பியது. காதல் கடிதம் என்று சொல்லிக்கொண்ட அந்தக் கோப்பின் பெயருக்கு இரட்டை வால். முதல் வால் சாதாரண உரைக் கோப்பு என்றது. கடைசி வால்தான் நிரல் என்று காட்டிக்கொடுக்கும், அதை விண்டோஸ் வழக்கம்போல மறைத்து வைத்திருந்தது. வாலை மறைத்தது யார் என்று மைக்ரோசாஃப்ட் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டதோ இல்லையோ, அடுத்த மாதமே அவுட்லுக்குக்கு ஒரு பட்டியல் கொடுத்தது: இன்னின்ன வாலோடு வந்தால் பயனர் கெஞ்சினாலும் திறக்காதே. இன்று உங்கள் திரையில் வரும் தடுப்புப் பட்டைக்கு மூதாதை அந்தப் பட்டியல்தான். ஜிமெயிலும் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் அதில் சேர்ந்தது 2017 பிப்ரவரியில்.

சுண்ணாம்புக் கட்டிக் குறி

மூன்றாவது கேள்வி, எங்கிருந்து வருகிறாய். நியூஜெர்சிக் கரையை ஒட்டி எல்லிஸ் தீவு இருக்கிறது. அதன் பெரும்பகுதி நியூயார்க்குக்குச் சொந்தமில்லை, நியூஜெர்சிக்குத்தான் என்று 1998இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியவர்களை அங்கே மருத்துவர்கள் சில விநாடிகளே பார்ப்பார்கள். சந்தேகம் தட்டினால் கோட்டின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் எழுத்து. கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. குறி விழுந்தவர் நோயாளி என்று அர்த்தமில்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

விண்டோஸும் இதையே செய்கிறது. இணையத்திலிருந்தோ கடிதத்திலிருந்தோ கோப்பைச் சேமித்தால், அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்றை ஒட்டிவிடும். ‘மண்டல எண் 3’ என்பதுதான் சாரம், 3 என்றால் வெளி இணையம். கோப்பின் மீது வலது சொடுக்கு செய்து பண்புகள் பக்கத்தைத் திறந்தால், அடியில் ‘இந்தக் கோப்பு வேறு கணினியிலிருந்து வந்தது’ என்ற வரியும் பக்கத்தில் ‘தடை நீக்கு’ என்ற சின்னக் கட்டமும் இருக்கும். அதில் டிக் போடுவது கோட்டிலிருந்து சுண்ணாம்பைத் தட்டிவிடுவதுதான், கோப்புக்குள் எதுவும் மாறுவதில்லை. பழைய வகைப் பென்டிரைவில் போட்டு எடுத்தாலே குறி உதிர்ந்துவிடும், அந்த டிரைவில் அதை ஒட்டிவைக்க இடமில்லை.

2022இல் மைக்ரோசாஃப்ட், குறி விழுந்த வேர்டு, எக்செல் கோப்புகளில் மேக்ரோ ஓடக்கூடாது என்று வைத்தது. பயனர்கள் முணுமுணுத்ததும் ஜூலையில் நிறுத்தி வைத்து, அதே மாதம் திரும்பக் கொண்டுவந்தது. மெலிசா வந்து 23 வருஷம் கழித்து! கள்ளர்கள் சும்மா இருப்பார்களா? எல்லிஸ் தீவில் சிலர் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு நழுவினார்கள் என்று சொல்வார்கள். கள்ளர்களும் கோட்டைத் திருப்பினார்கள். கோப்பை ஐஎஸ்ஓ என்ற வட்டுப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். குறி பெட்டிக்கு மேல்தான் விழுந்தது, உள்ளே இருந்த கோப்பு வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தது. அந்த ஓட்டையை அடைக்க அந்த வருஷ நவம்பர் ஆனது. அதற்குள் வேறு கோட்டு தைத்தாகிவிட்டது.

எல்லாப் பழியையும் இணைப்பின் தலையில் கட்டுவதும் தப்பு. 2019 ஆகஸ்டில் டெக்சாஸில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர் நிர்வாகங்களின் கணினிகள் ஒரே நாளில் பூட்டப்பட்டு, பணயத் தொகை கேட்கப்பட்டது. ஊழியர் யாரோ இணைப்பைத் திறந்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கீன் என்ற ஊரின் மேயர் சொன்னது வேறு: பல ஊர்களுக்கும் பொதுவாகக் கணினி பராமரித்த நிறுவனத்தின் மென்பொருள் வழியாகவே ஆள் உள்ளே வந்தான். வாசலில் எத்தனை வாட்ச்மேன் நின்றாலும், சாவிக்கொத்து பிளம்பரிடம் இருந்தால் என்ன பயன்? அடுத்த தடவை ஒரு பாதுகாப்பு நிறுவனம் நூறு சதவீதம் என்று வாய் திறந்தால் இந்த டெக்சாஸ் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

திறப்பது எப்படி?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தடுப்புப் பட்டை தீர்ப்பு இல்லை, ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என்ற வாக்குமூலம். ஆகவே அமைப்பைத் தளர்த்தி எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடாதீர்கள். அவுட்லுக்கின் பட்டியலிலிருந்து வால்களை நீக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தால் இன்றைய ஒரு கோப்புக்காக நாளை வரும் எல்லாக் கோப்புக்கும் காவலை எடுத்தவர் ஆவீர்கள். அலுவலகக் கணினி என்றால் அதைத் தொடும் உரிமையே உங்களுக்கு இல்லை. சொந்தக் காரியத்தைச் சொந்த முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அனுப்பியவரிடம் போனில் கேட்பது. அதே கடிதத்துக்குப் பதில் போட்டுக் கேட்கக் கூடாது, மெலிசா மாதிரி ஒன்று அவர் முகவரியில் குடியிருந்தால் பதிலும் அதுவே எழுதும். இரண்டாவது, பூட்டில்லாமல், மூட்டை கட்டாமல், பிடிஎஃப்பாகத் தனித்தனியே அனுப்பச் சொல்வது. ரகசியம் என்றால் பெயர் சொல்லி அனுமதி கொடுத்த டிரைவ் லிங்க். மூன்றாவது, மேக்ரோ உள்ள எக்செல் என்றால் அது நிஜமாகவே வேண்டுமா என்று யோசிப்பது. பாதிப் பேருக்குக் கடைசித் தொகை மட்டும்தான் தேவை.

ஞாயிறு காலை, அங்கே சாயங்காலம், அவர் அண்ணனுக்குப் போன் போட்டார். “ஏண்ணா, எதுக்கு இவ்வளவு கட்டு?” என்று கேட்டார். பத்திரம் யார் கையிலும் சிக்கிவிடக் கூடாதென்று ஜிப்புக்குள் ஜிப் போட்டு, வெளியே கடவுச்சொல்லும் வைத்தாராம். கடவுச்சொல் அப்பாவின் பிறந்த தேதி. அதையும் அதே கடிதத்தின் கீழேயே எழுதியிருந்தார். பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைக் கட்டி அனுப்பிய அண்ணனை வாட்ச்மேன் நிறுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் ஏன் திறந்து கொடுக்கவில்லை? உள்ளே இருப்பது என்னவென்று வடிகட்டிக்குத் தெரியாததுபோல எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கும்பகோணத்தில் இருந்தார்.

தாய்ப்பத்திரம் அன்றைக்கே பிடிஎஃப்பாக வந்தது. எக்செல்லுக்குப் பதில் ஆடிட்டர் இரண்டு வரி எழுதினார். வில்லங்கச் சான்றை அனுப்பவே தேவையிருக்கவில்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் எடிசனில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.